அகலக்கால் வைக்காத பர்கர் கடை

வட்டார அளவில் ஓடும் துரித உணவகம் ஒன்றை எடைபோடச் சொன்னால், பெரும்பாலோர் முதலில் கேட்பது “எத்தனை கிளை?” என்றுதான். நான் முதலில் பார்ப்பது லாரியை. சரக்கு ஏற்றிய லாரி எங்கிருந்து கிளம்புகிறது, எவ்வளவு தூரம் ஓடுகிறது, அன்றைக்கே திரும்பிவிடுகிறதா? கலிபோர்னியாவின் இன்-என்-அவுட் பர்கர் செய்கிற வியாபாரத்தில் பாதியை இந்தக் கேள்வியே விளக்கிவிடும்.

ஹாரி ஸ்னைடரும் எஸ்தர் ஸ்னைடரும் 1948-இல் பால்ட்வின் பார்க்கில் தொடங்கிய கடை இது. 1976-இல் ஹாரி இறந்தபோது இருந்தவை 18 கிளைகள். மெக்டொனால்ட்ஸ் அதற்குள் ஆயிரக்கணக்கில் போய்விட்டிருந்தது. மகன் ரிச் பொறுப்பேற்ற பின் வேகம் கூடியது. 1993-இல் அவர் விமான விபத்தில் இறந்தபோது 93 கிளைகள். கலிபோர்னியாவைத் தாண்டியதே 1992-இல்தான், பக்கத்து மாநிலமான நெவாடாவுக்கு. பிறகு அரிசோனா 2000, யூட்டா 2008, டெக்சஸ் 2011, ஆரிகன் 2015, கொலராடோ 2020, ஐடஹோ 2023. முக்கால் நூற்றாண்டு கழித்து ஏறக்குறைய 400 கிளைகள். ஃபிரான்சைஸ், அதாவது பணம் கட்டித் தன் பெயரில் கடை நடத்தும் உரிமை, ஒருவருக்குக்கூடக் கொடுத்ததில்லை. பங்குச் சந்தைக்கும் போகவில்லை.

இதைக் கூச்சம் என்றோ பழமைவாதம் என்றோ சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. கடையில் ஃப்ரீசர் கிடையாது, மைக்ரோவேவ் கிடையாது. பர்கருக்குள் வைக்கும் இறைச்சி வில்லையைக் கம்பெனியே தன் கூடங்களில் தட்டி, உறையவைக்காமல் அனுப்புகிறது. அந்தக் கூடங்களிலிருந்து 300 மைலுக்குள்தான் எல்லாக் கிளைகளும் இருக்கும் என்று கம்பெனியே சொல்லிவந்திருக்கிறது. இந்த 300 என்ற எண்ணைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சரக்கு லாரி ஓட்டுநர் ஒரு ஷிப்டில் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது அமெரிக்க விதி. மணிக்கு 55 மைல் வேகத்தில் 300 மைல் போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட 11 மணி நேரம். ஒரு லாரி, ஒரு ஓட்டுநர், ஒரே நாள். அதைத் தாண்டினால் இரண்டாவது ஓட்டுநரோ இரவுத் தங்கலோ வேண்டும். சரக்கின் வயதும் ஒரு நாள் கூடிவிடும்.

ஆகவே புது ஊருக்குப் போவதென்றால் முதலில் வருவது கடை அல்ல, கூடம். டெக்சஸுக்கு டல்லஸில், கொலராடோவுக்குக் கொலராடோ ஸ்பிரிங்ஸில் என்று இறைச்சிக் கூடத்தோடுதான் இறங்கினார்கள். இந்தச் செலவு படிப்படியாக ஏறாது. ஒரே தாவாகத் தாவும். உதாரணத்துக்கு, 50 கடைக்குச் சரக்கு தரக்கூடிய கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 கடையோடு நின்றால் ஒவ்வொரு கடையும் சுமக்கும் பங்கு பத்து மடங்கு. அதனால் கூடம் எழுந்ததும் அதைச் சுற்றிக் கடைகள் கொத்தாக வர வேண்டும். “அந்தப் பெருநகரத்திலும் நம் பெயர்ப்பலகை ஒன்று இருக்கட்டும்” என்று தன்னந்தனியாக ஒரு கடையைத் திறப்பதுதான் வட்டார உணவகங்கள் செய்கிற மிகப் பழைய தவறு. லாரி பாதி காலியாக ஓடும். மேலாளர் விலகினால் இரவல் வாங்கப் பக்கத்தில் ஆள் இருக்காது. பன் தீர்ந்துபோனால் அடுத்த கிளையிலிருந்து எடுத்துவர முடியாது. ஒரு கடைக்காக விளம்பரமும் கொடுக்க முடியாது.

மேலாளரும் லாரியைப் போலத்தான், விருப்பப்பட்ட வேகத்தில் பெருகாத சரக்கு. இன்-என்-அவுட் 1984-இல் தனக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி, கடைக்குள் வேலை பார்த்தவர்களையே மேலாளராக வளர்க்கிறது. அந்த மேலாளர்களின் சராசரி வருமானம் ஆண்டுக்கு 1,60,000 டாலருக்கு மேல் என்று 2018-இல் பத்திரிகைகள் எழுதின. துரித உணவுத் தொழிலில் இது மிகப் பெரிய தொகை. ஆனால் விற்பனை அடர்த்தியான கடைக்கு இது கட்டுப்படியாகும். ஆள் அடிக்கடி மாறும் கடையில் புது ஆள் பழகும்வரை வீணாகும் சரக்கும், நீளும் வரிசையும், திரும்பி வராத வாடிக்கையாளரும் எந்தக் கணக்கு ஏட்டிலும் தனி வரியாக வருவதில்லை. நஷ்டம் என்னவோ உண்மை.

மெனுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஹாம்பர்கர், சீஸ்பர்கர், டபுள்-டபுள் (இரண்டு வில்லை, இரண்டு சீஸ்), உருளைக்கிழங்கு வறுவல், ஷேக், பானங்கள். இருப்பில் பொருள் வகை குறைவு, கழிவு குறைவு, பயிற்சி சுலபம்.

இனிக் கணக்குக்கு வருவோம். இன்-என்-அவுட்டை விட்டுவிட்டு, ஃபிரான்சைஸ் எடுத்த ஒரு கடையின் மாத விற்பனையை 100 என்று கொள்வோம். இவை நான் வைத்துக்கொண்ட எண்கள். மூலப்பொருளும் பொட்டலமும் 30, பெயரைப் பயன்படுத்தத் தலைமைக்குக் கட்டும் ராயல்டி 5. இந்த 35-உம் விற்பனையோடு ஏறி இறங்கும். சம்பளம் 30, வாடகை 8, மின்சாரம் முதலியவை 7. இந்த 45 பெரும்பாலும் அசையாது. கூட்டம் குறைந்தாலும் அடுப்புக்கு ஒருவர், கல்லாவுக்கு ஒருவர் நின்றே ஆக வேண்டும். மிச்சம் 20.

விற்பனை 10 சதவீதம் குறைந்தால்? 90-இல் 31.5 போக, 45 போக, மிச்சம் 13.5. பத்தில் ஒரு பங்கு விற்பனை போனதற்கு லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு போகிறது.

இப்போது பக்கத்திலேயே இரண்டாவது கடை திறக்கிறது. அது 80-க்கு விற்கிறது, ஆனால் அதில் 20 பழைய கடையிலிருந்து வந்த கூட்டம். இரண்டும் ஆளுக்கு 80. ஒவ்வொன்றிலும் 28-உம் 45-உம் போக மிச்சம் 7. ஒரே கடை சம்பாதித்தது 20. இரண்டும் சேர்ந்து சம்பாதிப்பது 14. ராயல்டி மட்டும் 5-லிருந்து 8 ஆகிவிட்டது. கடைக்காரர் இளைக்க, தலைமை கொழுக்கிறது. மொத்த விற்பனை 60 சதவீதம் வளர்ந்ததாக ஆண்டறிக்கையிலும் வரும்! இதனால்தான் மொத்த வளர்ச்சியை ஒதுக்கிவைத்துவிட்டு, குறைந்தது ஓராண்டுக்கு மேல் ஓடிவரும் பழைய கடைகளின் விற்பனையைத் தனியாகக் கேட்க வேண்டும். அதிலும் விலையேற்றத்தைக் கழித்து, எத்தனை பில் போட்டார்கள் என்று பார்ப்பது நல்லது.

தலைமைக்குப் பணம் எதிலிருந்து வருகிறது என்பதும் அதே அளவு முக்கியம். 1937-இல் வட கரோலினாவில் பிறந்த டோனட் கம்பெனி கிறிஸ்பி கிரீம், 2000-இல் பங்குச் சந்தைக்கு வந்த பின் ஃபிரான்சைஸ் எடுத்தவர்களுக்கு மாவுக் கலவையும் இயந்திரங்களும் விற்றது. புதுக் கடை திறந்தாலே தலைமைக்கு வரவு. கூடவே டோனட்டை மளிகைக் கடை, பெட்ரோல் பங்க் என்று எங்கும் வைத்தார்கள். சூடாக வாங்கத் தேடிப்போக வேண்டிய பண்டம் ஆறிய பெட்டியாகிவிட்டது. 2004-இல் நஷ்டம் காட்ட வேண்டியிருந்தது. பாஸ்டன் சிக்கன் என்ற உணவகச் சங்கிலியின் கதை இன்னும் மோசம். வட்டாரங்களைக் குத்தகை எடுத்தவர்களுக்குத் தலைமையே கடன் கொடுத்தது. அதற்கு அவர்கள் கட்டிய வட்டியையும் கட்டணத்தையும் வருமானமாக எழுதிக்கொண்டது. கடைகள் ரத்தம் கக்கிக்கொண்டிருந்தபோதும் தலைமையின் ஏடு பளபளத்தது. 1993-இல் பங்கு வெளியீட்டில் கொண்டாடப்பட்ட கம்பெனி 1998 அக்டோபரில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

இன்-என்-அவுட்டின் பலமே அதன் பலவீனமும் ஆகிறது. கிளைகள் பெரும்பாலும் ஒரே மாநிலத்தில் இருப்பதால், அந்த மாநிலத்தின் சட்டம் ஒன்று மாறினால் மொத்தக் கம்பெனியும் அசையும். நாட்டளவில் 60-க்கு மேல் கிளை உள்ள துரித உணவகங்கள் மணிக்கு 20 டாலர் குறைந்தபட்சக் கூலி தர வேண்டும் என்று கலிபோர்னியா 2024 ஏப்ரலில் நடைமுறைப்படுத்தியது. ஏற்கெனவே நல்ல கூலி தருபவருக்கு அடி மெதுவாகத்தான் விழும், ஆனால் விழும். இன்னொன்று, வரிசை. ஆர்டர் வந்த பிறகே சமைப்பதால் கார்கள் தெருவரை நிற்கும். அந்த வரிசையில் சேராமல் கடந்து போகிறவர்களின் எண்ணிக்கையை எந்த பில்லும் காட்டாது. கடை வாசலில் ஒருவரை நிறுத்தி எண்ணித்தான் ஆக வேண்டும்.

2023 ஜனவரியில் டென்னசிக்குப் போவதாக அறிவித்தார்கள். டல்லஸிலிருந்து நாஷ்வில் சாலை வழியே 650 மைலுக்கு மேல், அதாவது பழைய வரம்பைப் போல இரு மடங்குக்கும் மேல். மணிக்கு 55 மைல் வேகத்தில் ஒரு வழிப் பயணமே ஏறத்தாழ 12 மணி நேரம். ஒரே ஓட்டுநரால் ஒரு ஷிப்டில் முடியாது. அறிவித்தபோது அவர்கள் முன் இருந்தவை இரண்டு வழிகள்: பக்கத்தில் புதுக் கூடம் எழுப்புவது, அல்லது 300 மைல் கணக்கைத் தளர்த்துவது. டென்னசிக் கடையில் முதல் மாத வரிசை எவ்வளவு நீண்டாலும் அதை நான் பொருட்படுத்த மாட்டேன். வில்லை எங்கே தட்டப்பட்டது, அடுப்பில் விழும்போது அதன் வயது எத்தனை மணி நேரம், கொண்டுவந்த லாரி திரும்பும்போது எதை ஏற்றிக்கொண்டு போகிறது என்பதைத்தான் கேட்பேன்.