வண்டித்தடத்திலிருந்து போர்க்களம் வரை

ஜூன் 18, 2024, செவ்வாய்

நெப்ராஸ்காவைத் தாண்டி வையோமிங்கில் முதலில் நின்ற இடம் லாராமி கோட்டை. கோட்டை என்றதும் மகன் மதிலையும் அகழியையும் தேடினான். மதில் இல்லை. அகன்ற புல்வெளியைச் சுற்றிப் படைக் குடியிருப்புகள், சில இடிந்த சுவர்கள், பக்கத்தில் ஆறு. 1834-இல் தோல் வணிகர்கள் அமைத்த சாவடி இது. 1849-இல் ராணுவம் விலைக்கு வாங்கியது.

நான் இங்கே வர விரும்பியது கட்டடங்களுக்காக அல்ல. 1868-இல் லகோட்டா பழங்குடி மக்களோடு அமெரிக்க அரசு ஒப்பந்தம் செய்துகொண்ட இடம் இது. இன்றைய தெற்கு டகோட்டாவின் மேற்குப் பாதியை, அவர்கள் புனிதமாகப் போற்றும் பிளாக் ஹில்ஸ் மலைகளோடு சேர்த்து, அவர்களுக்கே என்று எழுதிக்கொடுத்தார்கள். 1874-இல் ராணுவத் தளபதி கஸ்டர் தலைமையில் போன படை அந்த மலைகளில் தங்கம் இருக்கிறது என்றது. 1877-இல் மலைகள் பறிபோயின. பறித்ததற்கு ஈடாக 10 கோடி டாலருக்கு மேல் தர வேண்டும் என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லகோட்டாக்கள் இன்றுவரை அந்தப் பணத்தைத் தொடவில்லை. "விற்காத நிலத்துக்கு எப்படி விலை வாங்குவார்கள்?" என்றார் அப்பா. காரில் ஏறிய பிறகும் அதையேதான் பேசிக்கொண்டு வந்தோம்.

மாலையில் கெர்ன்சி. குடியேறிகளின் பழைய வழியான ஆரிகன் பாதையில் மேற்கே போன மாட்டுவண்டிகள் மணற்பாறையைத் தேய்த்துத் தேய்த்துச் சில இடங்களில் ஐந்தடி ஆழத்துக்குத் தடம் இறக்கியிருக்கின்றன. உள்ளே இறங்கி நின்றால் பாறை என் தோள் வரை வருகிறது. மகளைக் கூப்பிட்டுச் சுவரைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். புத்தகத்தில் 'லட்சக்கணக்கானோர் குடிபெயர்ந்தனர்' என்று ஒரு வரியில் முடிந்துவிடும் செய்தி, இங்கே பாறையில் பள்ளமாகவே கிடக்கிறது.

அருகில்தான் ரெஜிஸ்டர் கிளிஃப். வழிப்போக்கர்கள் பெயர் செதுக்கிய குன்று. ஏ. எச். அன்தாங்க், 1850 என்று ஒரு பெயர். இந்தியானாவிலிருந்து கிளம்பிய இளைஞன். இதைச் செதுக்கிய சில நாள்களிலேயே வழியில் இறந்துபோனான். அதே குடும்பப் பெயர் 1869, 1931 என்ற ஆண்டுகளோடும் அங்கே இருக்கிறது. நேற்று வந்தவர்கள் கிறுக்கியதும் உண்டு. பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

ஜூன் 19, புதன்

நாள் முழுக்கக் கார் ஓட்டம். கிளென்ராக்கைக் கடக்கும்போது அன்தாங்க்கின் கல்லறை இந்தப் பக்கம்தான் என்று சொன்னேன். இறந்தது 1850 ஜூலை 2. இரவு ஷெரிடனில் தங்கல். பருப்புப் பொடியும் சோறும்.

ஜூன் 20, வியாழன்

லிட்டில் பிக்ஹார்ன், மொன்டானா. 1876 ஜூன் 25, 26 தேதிகளில் லகோட்டா, செயென், அரபஹோ வீரர்கள் கஸ்டரின் படையை வீழ்த்திய மேடு. படைத்தரப்பில் இறந்தவர்கள் 260-க்கும் மேல். அவர்கள் விழுந்த இடங்களில் 1890-இல் வெள்ளைக் கற்கள் நட்டார்கள். எதிர்த்தரப்பில் விழுந்தவர்களுக்குச் செந்நிறக் கருங்கற்கள் வைக்கத் தொடங்கியது 1999-இல்தான். தோற்ற தளபதியின் பெயரையே இந்தக் களத்துக்கு வைத்திருந்தார்கள். அதை மாற்றும் சட்டம் 1991-இல் வந்தது. பழங்குடியினருக்கான நினைவிடம் 2003-இல் திறக்கப்பட்டது. வட்டச் சுவருக்குள் நின்று கம்பிகளால் ஆன குதிரைவீரர் சிற்பத்தை அண்ணாந்து பார்த்தால், உருவங்களுக்கு ஊடே வானம் தெரிகிறது. இந்தப் பயணத்தில் இதுவரை கண்டவற்றில் மிக நல்ல படைப்பு இதுதான்.

இந்தக் களம் க்ரோ மக்களின் நிலத்துக்குள் இருக்கிறது. அவர்களில் சிலர் அன்று கஸ்டருக்கு வழிகாட்டியாகப் போனவர்கள். லகோட்டாக்கள் அவர்களுக்குப் பழைய பகைவர்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. வெள்ளையர் ஒரு பக்கம், பழங்குடியினர் எல்லோரும் மறுபக்கம் என்று பிரித்துச் சொன்னால் க்ரோக்களின் கதை காணாமல் போய்விடும்.

லாராமியில் எழுதிக்கொடுத்ததை மீறியதன் விளைவு இங்கே கிடக்கிறது. இரண்டு இடங்களையும் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இது தானாகவே விளங்கும். இந்தப் பக்கம் வருகிறவர்கள் லாராமியை முதலில் பார்த்துவிடுங்கள்.

நாளை கோடி (Cody) என்ற ஊருக்குப் பக்கத்தில் ஹார்ட் மவுண்டன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள் 10,000 பேருக்கு மேல் முள்வேலிக்குள் அடைக்கப்பட்ட முகாம். பிள்ளைகள் யெல்லோஸ்டோனுக்கு அவசரப்படுகிறார்கள். அது மறுநாள்.