முதல் சட்டத்திருத்த விவாதத்தை முதன்மைத் தேர்வுக்குப் படித்த முறை

குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் பலர் இந்திய அரசியலமைப்பின் முதல் சட்டத்திருத்தத்தை 15(4) (பிற்படுத்தப்பட்டோருக்கான சிறப்பு ஏற்பாடுகள்), 31ஏ, 31பி, ஒன்பதாவது அட்டவணை (நிலச்சீர்திருத்தச் சட்டங்களுக்கான பாதுகாப்பு) என்று மனப்பாடம் செய்துவிட்டு, நேரே நாற்பத்திரண்டாவது திருத்தத்துக்குத் தாவிவிடுகிறார்கள். 1951 மே, ஜூன் மாதங்களில் இடைக்கால நாடாளுமன்றத்தில் (முதல் பொதுத்தேர்தல் வரை நாடாளுமன்றமாகச் செயல்பட்ட அரசியல் நிர்ணய சபையில்) நடந்த அந்த விவாதத்தின் பதிவுகளை நேரடியாகப் படித்ததுதான் முதன்மைத் தேர்வில் எனக்குப் பெரிதும் கைகொடுத்தது.

விவாதத்தைத் தொடும் முன் இரண்டு தீர்ப்புகளைப் படித்துவிடுங்கள். இரண்டுமே சென்னை மாகாண அரசின் ஆணைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் வழங்கியவை. 'கிராஸ் ரோட்ஸ்' இதழுக்கு மாகாண அரசு விதித்த தடை, ரொமேஷ் தாப்பர் வழக்கில் 1950-இல் செல்லாதென்று ஆனது. கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்துத் தந்த வகுப்புவாரி அரசாணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கின் தீர்ப்பு 1951 ஏப்ரலில் வீழ்த்தியது. ஜமீன் ஒழிப்புச் சட்டங்களுக்கு எதிரான வழக்குகளும் சேர்ந்துகொள்ள, இவற்றை எதிர்கொள்ள மே 12 அன்று பிரதமர் நேரு இத்திருத்த மசோதாவை அறிமுகப்படுத்தினார். இந்தப் பின்னணி தெரிந்தால், சட்ட அமைச்சர் அம்பேத்கர் எதற்குப் பதில் சொல்கிறார், மசோதாவை எதிர்த்த உறுப்பினர் சியாமா பிரசாத் முகர்ஜி எதைக் கண்டு கொதிக்கிறார் என்பது தெளிவாகும்.

நான் ஒரு பக்கத்தில் அரசின் வாதத்தையும் எதிர்ப்பக்கத்தில் அதற்கான மறுப்பையும் எழுதிக்கொண்டே படித்தேன். வயது வந்தோர் வாக்குரிமையில் தேர்ந்தெடுக்கப்படாத ஓர் அவை, பொதுத்தேர்தல் நெருங்கும் வேளையில் அடிப்படை உரிமைகளைத் திருத்தலாமா என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டுச் செல்ல யாராலும் முடியாது. மசோதா 228-க்கு 20 என்ற வாக்குகளில் நிறைவேறியது உண்மைதான். ஆனாலும் மசோதாவை ஆராய்ந்த உறுப்பினர்களின் தெரிவுக்குழுவில், பேச்சுரிமை மீதான கட்டுப்பாடுகள் 'நியாயமானவை'யாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. கட்டுப்பாடு நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராய்வதற்கு அதுவே இடம் தந்தது என்பதால், சிறுபான்மையாக நின்றவர்களின் எதிர்ப்பை வீண் என்று நான் கருதுவதில்லை. விடையில் இந்த ஒரு நகர்வை விளக்கி எழுதினாலே, ஷரத்து எண்களை அடுக்கும் விடைகளிலிருந்து உங்களுடையது தனித்துத் தெரியும்.

விவாதத்தை முடித்ததும், அதே ஆண்டு அக்டோபரில் இத்திருத்தம் செல்லும் என்று சொன்ன சங்கரி பிரசாத் தீர்ப்பைப் படியுங்கள். இடைக்கால நாடாளுமன்றத்தின் அதிகாரம் பற்றி அவையில் எழுந்த ஐயத்துக்கு நீதிமன்றம் தந்த விடை அதில் இருக்கிறது. திருத்தும் அதிகாரத்தின் எல்லையைப் பின்னாளில் மீண்டும் ஆராய்ந்த கோலக்நாத், கேசவானந்த பாரதி வழக்குகளை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.