அமிகா 1200-இல் 68030 கார்டு: மாட்டியாயிற்று

அமிகா 1200 என்ற பழைய ஹோம் கம்ப்யூட்டருக்கு வேகம் கூட்ட, 68030 பிராசசர் உள்ள கார்டு ஒன்றை மாட்டினேன். கார்டைத் தொடுவதற்கு முன் மெஷினின் போர்டைக் கழற்றிப் பார்த்தேன். 1992-இல் வந்த மாடல். அந்தக் காலத்து சர்ஃபேஸ் மவுன்ட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் கசியாமல் இருந்தால்தான் அதிசயம். ஆடியோ பக்கம் சால்டர் மங்கிக் கிடந்தது. அயர்னை வைத்ததும் குப்பென்று மீன் வாடை. கசிந்த திரவம் சூடானால் அப்படித்தான். எல்லாவற்றையும் மாற்றி, போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்தேன்.

கார்டு ப்ளிஸார்ட் 1230, நான்காம் பதிப்பு. ஜெர்மனியில் ஃபேஸ்5 தயாரித்தது, கை மாறி வந்தது. 50 மெகாஹெர்ட்ஸ் 68030, 72 பின் சிம் என்ற மெமரி பலகைக்கு ஒரே ஒரு சாக்கெட். 32 எம்பி போட்டிருக்கிறேன். இந்த மெஷினுக்கு அதுவே ராஜபோகம்.

மாட்டும் இடம் மெஷினின் அடிவயிற்றில். கவிழ்த்துப் போட்டு மூடியைக் கழற்றினால் மதர்போர்டின் விளிம்பு தெரியும், 150 காண்டாக்ட். கார்டின் கனெக்டரை அதன்மேல் ஏற்ற வேண்டும். ஒரே பக்கம் அழுத்தினால் கோணலாகப் போய் நின்றுவிடும். இரண்டு கட்டைவிரலாலும் இடமும் வலமும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினால் கடைசியில் கெட்டியாக உட்காரும். பவருக்கு அமிகா 500-இன் கனத்த சப்ளை. பிளக் ஒன்றேதான், 5 வோல்ட்டில் கூடுதல் ஆம்பியர் தருகிறது.

வேகத்தை அளக்கும் சிஸ்இன்ஃபோ புரோகிராமைப் போட்டுப் பார்த்தேன். கார்டு இல்லாமல் 1.3 மிப்ஸ் (நொடிக்கு இத்தனை மில்லியன் கட்டளை) காட்டியது இப்போது கிட்டத்தட்ட 10. ஆனால் இந்தப் பெருமை முழுக்க பிராசசருக்குச் சேராது. கடையில் வந்தபடி இந்த மெஷினில் இருப்பது 2 எம்பி சிப் ரேம் மட்டும். படமும் ஒலியும் தரும் சிப்புகளோடு அதைப் பங்குபோட்டுக்கொண்டு, மெஷினின் சொந்த பிராசசரான 14 மெகாஹெர்ட்ஸ் 68இசி020 பாதி நேரம் காத்துத்தான் கிடக்கிறது. பிராசசரை மாற்றாமல், அதற்கென்றே தனியாக உள்ள மெமரியான ஃபாஸ்ட் ரேம் மட்டும் சேர்த்தாலே வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கையில் காசு குறைவாக இருப்பவர்கள் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் போட்ட சிஎஃப் (காம்பாக்ட் ஃபிளாஷ்) மெமரி கார்டும் வேகம் பிடித்திருக்கிறது. இந்த மெஷினில் டிஸ்க்கை இணைக்கும் ஐடிஇ-க்கு டிஎம்ஏ (பிராசசர் இல்லாமலே டேட்டாவை மெமரிக்கு நகர்த்தும் வசதி) கிடையாது, டேட்டாவை பிராசசரே அள்ளிப் போடுகிறது; பிராசசர் வேகமானால் டிஸ்க்கும் வேகமாகும். ராம் சிப்பில் (ROM) இருப்பதை ஃபாஸ்ட் ரேமுக்கு நகலெடுக்கும் மேப்ராம் (MapROM) ஜம்பரைப் போட்டதில், சிஸ்டத்தின் அடிப்படை மென்பொருளான 512 கேபி கிக்ஸ்டார்ட்டும் ஃபாஸ்ட் ரேமிலிருந்தே ஓடுகிறது. அமிகாவின் டெஸ்க்டாப்பான ஒர்க்பெஞ்சின் விண்டோக்கள் சட்டென்று திறக்கின்றன.

டூம் கேமில்தான் குட்டு வெளிப்பட்டது. இந்த மெஷினின் கிராஃபிக்ஸ் சிப்புகளான ஏஜிஏ, படத்தை பிட்பிளேன்களாகத்தான் (ஒவ்வொரு புள்ளியின் நிற எண்ணையும் பிட் பிட்டாகப் பிரித்து வைத்த அடுக்குகள்) காட்டும். எனவே ஒவ்வொரு ஃப்ரேமையும் பிராசசர் பிட்பிளேனாக மாற்றி சிப் ரேமில் எழுத வேண்டும். அந்தப் பாதை நொடிக்குச் சுமார் 7 எம்பி-யைத் தாண்டாது, பிராசசர் 68030 ஆனாலும் அதைவிட வேகமான 68060 ஆனாலும். விண்டோவைச் சுருக்கினால் ஆடலாம். முழுத்திரையில் பொறுமை வேண்டும்.

முந்தைய அமிகாக்களின் 68000 பிராசசருக்கு எழுதிய பழைய கேம்கள் சில, புதிய பிராசசருக்குள் இருக்கும் சின்ன வேக மெமரியான கேஷைக் கண்டு முரண்டு பிடிக்கின்றன. பூட் ஆகும்போது மவுஸின் இரண்டு பட்டனையும் பிடித்தால் வரும் மெனுவில் கேஷை அணைக்கலாம். அதற்கும் மசியாதவற்றுக்கு, பூட்டில் 2-ஆம் எண் கீயை அழுத்திப் பிடித்தால் கார்டே ஒதுங்கிக்கொள்ளும்.

தசமக் கணக்குக்கான துணை பிராசசர் 68882-இன் சாக்கெட் காலியாக இருக்கிறது. ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டு 3டி படம் வரையும் ரே டிரேசிங் ஆசை வந்தால் வாங்குவேன். கேமுக்கு அது தண்டம்.