பால் பூத்துக்குக் குறுக்கு வழி

எங்கள் குடியிருப்பில் பி பிளாக் வாசலில் நின்றால் பால் பூத் பக்கம் திறக்கும் சின்ன கேட் நேராகத் தெரியும். நேராகப் போகத்தான் முடியாது. நடுவில் புல்வெளி, அதன் ஓரமாக 'ட' மாதிரி திரும்பும் டைல்ஸ் நடைபாதை. வரைபடம் போட்டவர் அளவுகோலை வைத்துக் கோடு இழுத்திருக்கிறார். 'காப்பிக்குப் பால் இல்லை' என்ற குரல் முதுகில் துரத்தும்போது யாருக்கு 'ட' ஞாபகம் இருக்கும்? எல்லோரும் குடிவந்த கொஞ்ச நாளிலேயே மூலைக்கு மூலை ஒரு செம்மண் தடம் விழுந்துவிட்டது.

சங்கச் செயலாளருக்கு அந்தக் கொரியன் புல் பெற்ற பிள்ளைக்குச் சமம். முதலில் 'புல்லை மிதிக்காதீர்' என்று போர்டு வைத்தார். இருட்டில் தடம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க அது வசதியாக இருந்தது. அடுத்து கயிறு கட்டினார். மறுநாளே அதில் இரண்டாம் மாடி மாமி வீட்டுத் துண்டு காய்ந்தது. பிறகு வரிசையாகச் செம்பருத்தி நட்டார். பூஜைக்குப் பூப் பறிக்க வந்தவர்கள் செடி வரைக்கும் இன்னொரு தடம் போட்டுக் கொடுத்தார்கள்.

அப்புறம்தான் அவர் கடவுளிடம் போனார்.

அசிங்கம் செய்யாமலிருக்கச் சுவரில் சாமி டைல்ஸ் ஒட்டுவார்களே, அதே தொழில்நுட்பம். தடத்தின் நட்டநடுவில் ஒரு செங்கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துவிட்டார். முதல் நாள் எல்லோரும் திகைத்து நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு, சுற்றுப்பாதையிலேயே போனார்கள். செயலாளர் பால்கனியில் நின்று சிரித்தார். அடுத்த நாள் ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தடத்தில் நடந்தார். பக்தியோடு போனால் தப்பில்லை என்று ஊர் முடிவுசெய்துவிட்டது. வெள்ளிக்கிழமை அகல்விளக்கு வந்தது, அதற்கடுத்த வெள்ளி சுண்டல் வந்தது. சாமியை வலப்பக்கம் வைத்துத்தானே போக வேண்டும்? பால் வாங்கப் போகும்போது அரைச் சுற்று, திரும்பும்போது மறுபக்கமாக அரைச் சுற்று, மொத்தத்தில் ஒரு பிரதட்சிணம். ஒற்றையடிப் பாதை செங்கல்லைச் சுற்றி இரட்டைப் பாதையாகி, இருந்த புல்லும் போயிற்று.

"இனி உரம் போட்டாலும் வராது சார்" என்றார் தோட்டக்காரர். "மிதிச்சு மிதிச்சு மண்ணு இறுகிப்போச்சு. தண்ணியும் இறங்காது, வேரும் இறங்காது."

பொதுக்குழு கூடியது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் டேப் பிடித்து அளந்து வைத்திருந்தார். ஒரு பக்கம் 40 அடி, இன்னொரு பக்கம் 30 அடி. பிதாகரஸ் என்றால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள் என்று தெரிந்து, போதையனார் பெயரில் வாட்ஸ்ஆப்பில் சுற்றும் வாய்ப்பாட்டைச் சொன்னார்: பெரிய பக்கத்தில் எட்டில் ஒன்றைத் தள்ளு, சின்னப் பக்கத்தில் பாதியைச் சேர். 35-உம் 15-உம் 50. (எல்லா முக்கோணத்துக்கும் இது சரிவராது, எங்கள் புல்வெளிக்கு வந்தது.) சுற்றினால் 70, குறுக்கே போனால் 50.

"வெறும் 20 அடிக்கா இந்தப் பாடு?" என்றார் செயலாளர்.

"முட்டி எனக்குத்தானே வலிக்குது" என்றார் மாமி.

ஐடி பையன் ஒருவன் எழுந்து, நியூயார்க்கில் பிராட்வேயே பூர்வகுடிகள் நடந்த பழைய தடம்தான், அதனால்தான் கட்டம் கட்டமான மன்ஹாட்டனில் அது மட்டும் குறுக்கே போகிறது என்றான். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துப் புல்வெளியில் மாணவர்கள் போட்ட தடங்களையே நடைபாதையாக்கிவிட்டார்கள் என்றும் சொன்னான். செயலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்கே போட்டிருந்தது கொரியன் புல்லா?" என்றார்.

கடைசியில் தடத்திலேயே கடப்பா கல் பதிப்பதென்று தீர்மானம் நிறைவேறியது. செங்கல்லை நகர்த்த மட்டும் யாருக்கும் துணிவில்லை. தீர்மானத்தைக் கொண்டுவந்தவரே வேண்டாமென்று பின்வாங்கினார். எனவே கல் வரிசை அந்த இடத்தில் மரியாதையாக வளைந்து போகிறது. அதுகூடப் பரவாயில்லை. கல் கணக்கைக் குறைக்க நினைத்த காண்ட்ராக்டர், ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் விட்ட இடைவெளிதான் வினை. ஒரு எட்டுக்கு அதிகம், இரண்டு எட்டுக்குக் குறைவு. குழந்தைகள் ஆனந்தமாகக் குதித்துப் போகிறார்கள். புடவையும் வேட்டியும் கட்டியவர்கள் கல்லுக்குப் பக்கத்திலேயே, மிச்சமிருந்த புல்லில் இறங்கி நடக்கிறார்கள். அங்கே இப்போது புதுத் தடம் விழுகிறது.

செயலாளர் மறுபடி போர்டு எழுதக் கொடுத்திருக்கிறார்: 'தயவுசெய்து கல்லை மிதிக்கவும்.'