ஓர்டிஸ் இடத்துக்கு 55 லட்சம் டாலர் போதுமா?

2016 சீசனோடு டேவிட் ஓர்டிஸ் ஓய்வு பெற்றபோது பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணி அவர் இடத்துக்கு எடுத்த ஆள் மிட்ச் மோர்லாண்ட். ஒரு வருட ஒப்பந்தம், 55 லட்சம் டாலர். அன்றைக்கு ரசிகர்கள் கொதித்தார்கள், இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் சண்டைதான். எட்வின் என்கார்னசியோனைப் போல ஹோம் ரன் அடித்துத் தள்ளும் ஓர் ஆட்டக்காரரை வாங்கியிருக்க வேண்டும், காசைப் பார்த்து ஒதுங்கிவிட்டார்கள் என்பது பலருடைய வருத்தம். எனக்கு இதில் வேறு கருத்து. என்கார்னசியோனை விட்டது சரி. மோர்லாண்டை எடுத்த அதே நாளில் செய்த இன்னொரு காரியம்தான் தப்பு, அதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஓர்டிஸ் எவ்வளவு பெரிய ஓட்டையை விட்டுப் போனார் என்று பார்க்கலாம். சாதாரணமாக ஒருவர் ஓய்வு பெறும்போது ஆட்டம் தேய்ந்துபோயிருக்கும், கடைசி இரண்டு வருடம் அணி அவரைச் சுமந்துகொண்டிருக்கும், போனதும் ஒரு பெருமூச்சு வரும். ஓர்டிஸ் அப்படிப் போகவில்லை. 40 வயதில், 38 ஹோம் ரன் (நம்ம ஊர் சிக்ஸர் மாதிரி), 48 டபுள் (இரண்டாவது பேஸ் வரை ஓட விடும் அடி), 127 ரன்களை உள்ளே கொண்டுவந்தது, சராசரி .315. ஓபிஎஸ், அதாவது பேஸுக்குப் போகும் திறனையும் அடியின் வலுவையும் கூட்டிய எண், 1.021, அந்த வருடம் மொத்த மேஜர் லீகிலும் அதுதான் முதலிடம். சம்பளம் 1.6 கோடி டாலர். அந்தக் காசுக்கு அந்த ஆட்டம் வெளிச்சந்தையில் கிடைக்கவே கிடைக்காது. 2003 ஜனவரியில், மினசோட்டா ட்வின்ஸ் வேண்டாமென்று விட்டுவிட்ட ஆளாக, 12.5 லட்சம் டாலருக்கு வந்தவர் அவர்.

அந்த 2016 அணி 878 ரன் எடுத்தது, லீகிலேயே அதிகம். பிளே ஆஃப் முதல் சுற்றில் கிளீவ்லாண்டிடம் மூன்று ஆட்டமும் தோற்றது. அக்டோபர் 10, ஃபென்வே பார்க், கடைசி ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் ஓர்டிஸுக்கு அடிக்க ஒரு நல்ல பந்துகூடப் போடவில்லை, நான்கு பந்தில் முதல் பேஸுக்கு இலவசமாக நடக்க விட்டார்கள். நாற்பது வயதுக்காரர், அதுவும் கடைசி ஆட்டம், அப்போதும் எதிரணிக்கு அந்த பயம் இருந்தது. இதையா 55 லட்சத்துக்கு நிரப்புவது என்று ரசிகர் கேட்டால் கோபம் நியாயம்தான்.

சரி, அப்புறம் ஏன் நிரப்பவில்லை? காசு இல்லாத கிளப் இல்லை அது. ஐபிஎல் ஏலத்தில் இருப்பது போல இவ்வளவுக்கு மேல் செலவழிக்கவே கூடாது என்ற கட்டாய வரம்பும் பேஸ்பாலில் கிடையாது. ஆனால் சொகுசு வரி என்று ஒன்று உண்டு. 2016 நவம்பர் கடைசியில் கிளப்புகளும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட புதிய ஒப்பந்தப்படி 2017-க்கு ஒரு அணியின் மொத்தச் சம்பள வரம்பு 19.5 கோடி டாலர். தாண்டினால், தாண்டிய தொகைக்கு வரி. முதல் முறை தாண்டினால் 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாவது வருடம் 30, மூன்றாவது வருடத்திலிருந்து 50. பாஸ்டன் 2015-லும் தாண்டியிருந்தது, 2016-லும் தாண்டியிருந்தது. 2017-லும் தாண்டினால் நேராக 50 சதவீதம். ஒரே ஒரு வருடம் வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டால் போதும், கணக்கு பழையபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும், அடுத்த முறை தாண்டும்போது மறுபடி 20 சதவீதத்திலிருந்து ஆரம்பிக்கலாம். இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால்தான் அந்தக் குளிர்காலத்தில் ஆட்களை வாங்கியதும் விற்றதும் முழுவதும் புரியும்.

இன்னொன்று, வரிக்கு எடுத்துக்கொள்வது அந்த வருடம் கையில் கொடுக்கும் சம்பளத்தை இல்லை, ஒப்பந்தத்தின் வருட சராசரியை. இந்த முறையில் பாஸ்டன் கழுத்தில் ஏற்கெனவே கனமான கல்லெல்லாம் தொங்கின. டேவிட் பிரைஸ், ஏழு வருடம் 21.7 கோடி, சராசரி 3.1 கோடி. ஹேன்லி ராமிரெஸ், நான்கு வருடம் 8.8 கோடி, சராசரி 2.2 கோடி. பாப்லோ சாண்டோவால், ஐந்து வருடம் 9.5 கோடி, சராசரி 1.9 கோடி, அவர் 2016-ல் தோள் காயத்தால் மூன்றே ஆட்டம்தான் ஆடினார். இந்தக் கணக்கு மனிதர்களை என்ன செய்யும் என்பதற்கு ருஸ்னி காஸ்டியோ ஓர் உதாரணம். 7.25 கோடி டாலர் ஒப்பந்தக்காரர், மேஜர் லீக் அணிக்கான 40 பேர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதால் அவர் சம்பளம் வரிக் கணக்கில் வரவில்லை. திரும்பப் பட்டியலில் சேர்த்திருந்தால் வந்திருக்கும். அதனால் மனிதர் வருடக்கணக்காக பாடக்கெட்டில், சின்ன லீகில், கிடந்தார். சம்பளம் ஒழுங்காக வந்தது, ஆனால் மேலே ஏற வழி கிட்டத்தட்ட அடைபட்டுப்போனது. எனக்கு அது கொடுமையாகத்தான் படுகிறது.

இப்போது என்கார்னசியோன். 2016-ல் டொரண்டோவுக்கு 42 ஹோம் ரன், 127 ரன். வலது கைக்காரர், ஃபென்வேயில் இடது பக்கம் நிற்கும் 37 அடி உயரச் சுவர் அவருக்காகவே கட்டியது மாதிரி. கடைசியில் கிளீவ்லாண்ட் அவரை மூன்று வருடம் 6 கோடி டாலருக்கு வாங்கியது. வருடத்துக்கு 2 கோடிதானே, பாஸ்டனால் முடியாதா என்று தோன்றும். ஆனால் பாஸ்டனுக்கு அது 2 கோடி இல்லை. வரம்புக்கு மேல் போகும் ஒவ்வொரு டாலருக்கும் அரை டாலர் வரி, ஆக 3 கோடி. போதாததற்கு, டொரண்டோ அவருக்குத் தகுதிச் சலுகை (பழைய அணி தரும் ஒரு வருட ஒப்பந்தம்) கொடுத்து அவர் மறுத்திருந்ததால், வாங்கும் அணி தன் முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பை, அதாவது புது இளம் ஆட்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் முறையில் தன் இடத்தை, இழக்க வேண்டியிருந்தது. பாஸ்டனுக்கு அது 24-வது இடம். அந்த இடத்தில் பின்னால் அவர்கள் எடுத்தது டேனர் ஹவுக், 2024-ல் ஆல் ஸ்டார் ஆன பிட்சர் (பந்து வீசுபவர்). ஆக ஒரு பக்கம் 34 வயதைத் தொடும் ஹோம் ரன் ஆள், மறு பக்கம் வருடம் 3 கோடி டாலரும் ஒரு ஹவுக்கும், வரிக் கணக்கைப் பூஜ்யமாக்கும் வாய்ப்பும்.

மற்ற பெயர்களும் சந்தையில் இருந்தன. கார்லோஸ் பெல்ட்ரான் ஒரு வருடம் 1.6 கோடிக்கு ஹூஸ்டன் போனார். மேட் ஹாலிடே 1.3 கோடிக்கு யாங்கீஸ். ஹோசே பௌடிஸ்டா திரும்பவும் டொரண்டோ. மைக் நாபோலி டெக்ஸாஸ். முந்தைய வருடம் 41 ஹோம் ரன் அடித்த கிறிஸ் கார்ட்டரும் யாங்கீஸுக்கே போனார். 2017-ல் இவர்கள் சராசரியைப் பாருங்கள்: பெல்ட்ரான் .231, ஹாலிடே .231, பௌடிஸ்டா .203, நாபோலி .193, கார்ட்டர் .201, அவரை ஜூலையிலேயே விட்டுவிட்டார்கள். என்கார்னசியோன் மட்டும் 38 ஹோம் ரன் அடித்து வாங்கிய காசுக்கு வேலை செய்தார். வயதான ஹோம் ரன் ஆட்களை வாங்குவதில் எவ்வளவு சறுக்கல் இருக்கிறது என்று காட்ட இந்த ஒரு வரிசையே போதும்.

பாஸ்டனில் ஆட்களை வாங்கி விற்கும் பொறுப்பில் இருந்த டேவ் டோம்ப்ரோவ்ஸ்கி என்ன செய்தார்? 2016 டிசம்பர் 6, வாஷிங்டன் பக்கத்தில் கிளப்புகளின் குளிர்காலக் கூட்டம். ஒரே நாளில் மூன்று காரியம். ஒன்று, சிகாகோவிலிருந்து கிறிஸ் சேல் என்ற பிட்சரை வாங்கினார். சேலின் 2017 சம்பளம் 1.2 கோடி டாலர்தான், அவர் தரத்துக்கு அது அடிமாட்டு விலை, ஆனால் யோவான் மொன்காடா, மைக்கேல் கோபெக் உட்பட நான்கு இளம் ஆட்களைக் கொடுக்க வேண்டியிருந்தது. அடிக்கும் ரன்னைக் கூட்ட முடியாவிட்டால் கொடுக்கும் ரன்னைக் குறைப்போம் என்ற யோசனை, நல்ல யோசனை. இரண்டு, மோர்லாண்ட். ராமிரெஸ் முதல் பேஸிலிருந்து ஓர்டிஸ் செய்த, களத்தில் நிற்காமல் அடிக்க மட்டும் இறங்கும் வேலைக்கு மாறுவார், முதல் பேஸில் 2016-ல் சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் குளவ் வாங்கிய மோர்லாண்ட் நிற்பார். அதாவது ஓர்டிஸுக்கு மாற்று உண்மையில் ராமிரெஸ்தான், முந்தைய வருடம் 30 ஹோம் ரன் அடித்தவர், சம்பளம் ஏற்கெனவே கணக்கில் ஏறியிருந்தது.

மூன்றாவதுதான் நான் சொன்ன தப்பு. டிராவிஸ் ஷாவை மில்வாக்கிக்குக் கொடுத்து டைலர் தோர்ன்பர்க் என்ற ரிலீவரை (ஆட்ட நடுவில் இறங்கி வீசும் பிட்சரை) வாங்கினார்கள். ஷாவுக்கு வயது 26, குறைந்தபட்ச சம்பளத்துக்குப் பக்கத்தில் வாங்குகிறவர், இடது கை அடி, முதல் பேஸ், மூன்றாவது பேஸ் இரண்டும் தெரியும். காசு இறுக்கமாக இருக்கும் வருடத்தில் கையில் வைத்திருக்க வேண்டிய ஆள் இப்படிப்பட்டவர்தான். மூன்றாவது பேஸுக்கு சாண்டோவால் திரும்பி வருவார் என்று நம்பிக் கொடுத்துவிட்டார்கள். 2017-ல் ஷா மில்வாக்கியில் 31 ஹோம் ரன், 101 ரன். பாஸ்டனில் அந்த வருடம் அதிகபட்சமே மூக்கி பெட்ஸின் 24. தோர்ன்பர்க் தோள் பிரச்சினையால் அந்த வருடம் ஒரு பந்துகூட வீசவில்லை. சாண்டோவால் .212 அடித்தார், நாலரைக் கோடி டாலருக்கு மேல் பாக்கி இருக்கும்போதே ஜூலையில் அனுப்பிவிட்டார்கள். பாஸ்டனுக்கு வேண்டியிருந்த ஹோம் ரன் அவர்கள் வீட்டிலேயே, குறைந்தபட்ச சம்பளத்தில் இருந்தது. எல்லாரும் என்கார்னசியோனைப் பற்றியே பேசுகிறார்கள், எனக்கு வயிறு எரிவது ஷாவை நினைத்துத்தான்.

இரண்டு வாரம் கழித்து கிளே பக்ஹோல்ஸை பிலடெல்பியாவுக்குக் கொடுத்துவிட்டு சின்ன லீக் ஆட்டக்காரர் ஒருவரை வாங்கிக்கொண்டார்கள். வேறு எதற்கும் இல்லை, அவருடைய 1.35 கோடி டாலர் கணக்கிலிருந்து இறங்கவேண்டும், அவ்வளவுதான்.

2017 எப்படிப் போனது? ஹோம் ரன்னில் 168, அமெரிக்கன் லீகிலேயே கடைசி. அந்த வருடம் மேஜர் லீகில் இருக்கிற எல்லாரும் ஹோம் ரன் அடித்துத் தள்ளினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ராமிரெஸ் தோள் வலியோடு .242. மோர்லாண்ட் கால் விரல் முறிவோடு ஆடி 22 ஹோம் ரன். ரன் 878-லிருந்து 785-க்கு, சரியாக 93 ரன் குறைந்தது. வெற்றி மட்டும் 93-லேயே நின்றது, இரண்டு வருடமும் 93-69, இரண்டு வருடமும் பிரிவு சாம்பியன். சேல் 308 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார், கடைசி இன்னிங்ஸில் வீசும் கிரெய்க் கிம்பரலைத் தொடவே முடியவில்லை. ஆனால் கூடுதல் இன்னிங்ஸ் போன ஆட்டங்களில் 15 வெற்றி, 3 தோல்வி. அதில் அதிர்ஷ்டமும் கலந்திருந்தது, அதை ஒப்புக்கொள்ளாமல் இந்தத் திட்டத்தைப் புகழ்ந்தால் அது நேர்மை இல்லை. பிளே ஆஃபில் ஹூஸ்டன் 3-1 என்று வீட்டுக்கு அனுப்பியது.

ஆனால் அந்த வருடம் சொகுசு வரி கட்டிய ஐந்து கிளப்பில் பாஸ்டன் இல்லை. கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. 2018 பிப்ரவரியில் ஜே.டி. மார்டினெஸை ஐந்து வருடம் 11 கோடி டாலருக்கு வாங்கினார்கள். 2017-ல் 119 ஆட்டத்தில் 45 ஹோம் ரன் அடித்தவர், சீசன் நடுவில் அணி மாறியதால் தகுதிச் சலுகை கொடுக்க முடியாத ஆள், எனவே டிராஃப்ட் வாய்ப்பும் போகவில்லை. ஓர்டிஸுக்கு உண்மையான மாற்று ஒரு வருடம் தாமதமாக, வயது 30-ல், வந்து சேர்ந்தது. .330, 43 ஹோம் ரன், 130 ரன், அணி 108 வெற்றி, உலகத் தொடர் கோப்பை.

அந்த வருடம் செலவு வரம்பான 19.7 கோடியை நாலு கோடி டாலருக்கு மேல் தாண்டியது. ரொம்பத் தாண்டியதற்கான கூடுதல் வரியையும் சேர்த்துக் கட்டியது கிட்டத்தட்ட 1.2 கோடி. 2017-லும் தாண்டியிருந்தால் 20-க்குப் பதில் 50 சதவீதம், அடிப்படை வரி மட்டுமே இன்னொரு 1.2 கோடிக்கு மேல் ஏறியிருக்கும். மோர்லாண்டின் 55 லட்சத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதே சீசனில் மே மாதம் ராமிரெஸையும் விட்டுவிட்டார்கள். 2017, 2018 இரண்டிலும் சேர்த்து 1,050 முறை மட்டை பிடித்தால் 2019-க்கு 2.2 கோடி டாலர் தானாக உறுதியாகும் என்ற ஷரத்து அவர் ஒப்பந்தத்தில் இருந்தது. மோர்லாண்டுக்கு ஆட்டம் வேண்டும் என்பது கிளப் சொன்ன காரணம். ஷரத்தும் தலைக்குள் ஓடியிருக்கும் என்பது என் எண்ணம். அந்த மோர்லாண்ட்தான் உலகத் தொடர் நான்காவது ஆட்டத்தில் 0-4 என்று பின்தங்கியிருந்தபோது இடையில் இறங்கி மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். 9-6 என்று ஜெயித்தார்கள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, வரிக் கணக்கு எப்போதுமே சரி என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2020 பிப்ரவரியில் மூக்கி பெட்ஸையும் பிரைஸையும் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தபோதும் பின்னால் இருந்தது இதே வரம்பு, இதே பூஜ்யமாக்கும் கணக்கு. 34 வயதில், அடிக்க மட்டும் தெரிந்த ஒருவரை வேண்டாமென்று சொல்வது வேறு, 27 வயதில், அடி, ஓட்டம், பிடி மூன்றிலும் உச்சத்தில் இருக்கும், அந்தக் கிளப்பிலேயே வளர்ந்தவரை விடுவது வேறு. ஓர்டிஸுக்கு மாற்று சந்தையில் ஒரு வருடம் காத்திருந்தால் கிடைத்தார். பெட்ஸுக்கு மாற்றாக டாட்ஜர்ஸிலிருந்து வந்த அலெக்ஸ் வெர்டுகோ 2024 சீசனுக்கு முன்பே யாங்கீஸுக்குப் போய்விட்டார்.