இரண்டு குப்பி கேட்டிருக்க வேண்டும்

லேப் ஜன்னலில் இருந்தவர், என் காலில் வெட்டிய தோல் துண்டு இருந்த குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இது ஃபார்மலின். இதுல கல்ச்சர் போட முடியாதுங்க." கல்ச்சர் என்றால் துண்டில் இருக்கும் பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பது. ஃபார்மலின், திசு கெடாமல் வைக்கிற திரவம். அதில் போட்டால் பூஞ்சை செத்துவிடும், செத்ததை எங்கே வளர்ப்பது? "சலைன்ல வேற துண்டு வாங்கிட்டு வந்துடுங்க" என்றார், ஏதோ கடையில் வாங்கி வருவது போல. சலைன் என்பது உப்பு நீர். காலில் தையல் போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

சிறுநீரகம் மாற்றி இது மூன்றாவது வருடம். மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமல் இருக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், ப்ரெட்னிசோலோன் மூன்று மாத்திரையும் ஓடிக்கொண்டிருக்கின்றன. முழங்காலுக்குக் கீழே வட்டமாக ஒரு படை வந்தது. படர்தாமரைதானே என்று மருந்துக்கடையில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கிப் பூசினேன். நான்கே நாளில் அரிப்பு போயே போச்சு. அங்கேதான் ஏமாந்தேன். அந்த ட்யூபில் பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டும் இருந்தது. அது அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிடும். பூஞ்சை பாட்டுக்குப் பரவிக்கொண்டிருக்கும். மாத்திரை போட்டு எதிர்ப்புச் சக்தியை அமுக்கி வைத்திருக்கிற உடம்பில் இதையும் தடவினால் கேட்பானேன்! ஒரு மாதத்தில் வளையத்தின் விளிம்பு கலைந்து, ரோமக்கால்களைச் சுற்றிக் கெட்டியான சிறு கட்டிகள் கிளம்பிவிட்டன. ட்யூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ஸ்டீராய்டு இருந்தால் தொடாதீர்கள்.

தோல் மருத்துவரிடம் போன முதல் நடை வீண். அன்று காலையிலும் களிம்பு பூசிக்கொண்டு போயிருந்தேன். தோலைச் சுரண்டி எடுத்து, பூஞ்சை இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கே.ஓ.எச். பரிசோதனை செய்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும்போதே இதைச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த முறை பூஞ்சை இழைகள் தெரிந்தன. ஆனால் அவர் அதோடு விடவில்லை. சாதாரண ஆட்களுக்கு என்றால் மருந்து எழுதி அனுப்பிவிடுவாராம். எனக்குக் கட்டி இருப்பதால் எந்தப் பூஞ்சை, எவ்வளவு ஆழம் என்று தெரிய வேண்டும் என்றார். கிரிப்டோகாக்கஸ் போன்ற பூஞ்சைகள் உள்ளே நுரையீரலில் தொடங்கி இரத்தம் வழியாகத் தோலுக்கு வருவதும் உண்டு. அதற்கு வைத்தியமே வேறு. அதனால் பயாப்ஸி, அதாவது தோலில் ஒரு துண்டு வெட்டிப் பரிசோதிப்பது. அதன் பிறகுதான் அந்த ஜன்னல்.

திரும்பிப் போனால் நர்ஸ், "எல்லாருக்கும் இதுலதானே போடுவோம்" என்றார். முதல் துண்டு, திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பேத்தாலஜிக்குப் போயிற்று. கல்ச்சருக்காக மறுபடி மரத்துப்போகும் ஊசி, மறுபடி தையல். ஊசி போடும் முன்பே சலைன் குப்பியைக் கண்ணால் பார்த்துக்கொண்டேன். பயாப்ஸிக்குப் போகிறவர்கள் முதலிலேயே கேளுங்கள்: ஃபார்மலினில் ஒன்று, சலைனில் ஒன்று.

கல்ச்சர் முடிவு வர நான்கு வாரம். ட்ரைக்கோஃபைட்டான் ருப்ரம், சாதாரணப் படர்தாமரைப் பூஞ்சைதான், ரோமக்கால் வழியாக உள்ளே இறங்கியிருந்தது. அவ்வளவு ஆழத்துக்குக் களிம்பு எட்டாது, மாத்திரைதான்.

அன்று வேறொரு இளம் மருத்துவர் இருந்தார். இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மாத்திரையை எழுதிக்கொண்டிருந்தவரிடம், "டாக்டர், நான் டாக்ரோலிமஸ் சாப்பிடுறேன்" என்றேன். பேனா நின்றது. டாக்ரோலிமஸை உடைத்து வெளியேற்றும் என்சைமை இட்ராகொனசோல் தடுத்துவிடும். இரத்தத்தில் அதன் அளவு எகிறினால் கை நடுங்கும், மாற்றி வைத்த சிறுநீரகமே அடிவாங்கும். என் சிறுநீரக மருத்துவருக்குப் போன் போட்டுப் பேசினார்கள். டாக்ரோலிமஸோடு அவ்வளவாக மோதாத டெர்பினாஃபின் என்ற வேறு பூஞ்சை மாத்திரை என்று முடிவாயிற்று. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் ஈரல் பரிசோதனையும் அதற்கு இடம் கொடுத்தன. இத்தனை அலைச்சலில் நான் ஜெயித்தது இந்த ஒரு இடத்தில்தான்.

டாக்ரோலிமஸ் அளவு பார்க்கப் போன அன்று மட்டும் காலை மாத்திரையை விழுங்கிவிட்டுப் போய் நின்றேன். அந்த அளவை மாத்திரை போடும் முன்பு பார்க்க வேண்டும். அந்த நடை வீணானதற்கு நானே பொறுப்பு.

ஆறாவது வாரம் கட்டிகள் அமுங்கத் தொடங்கின. மாத்திரை இன்னும் பாக்கி இருக்கிறது. இரண்டாவதாக வெட்டிய இடம் உட்கார்ந்து எழும்போது இன்னும் சுருக்கென்கிறது.