குமிழித்தூம்பும் ஜூமும்

12 அக்டோபர் 2020, திங்கள்
ஜெர்மனில நடக்க வேண்டிய கான்ஃபரன்ஸ், கொரோனாவால ஜூமுக்கு மாறிடுச்சு. நேர்ல நடந்திருந்தா நான் அப்ளையே பண்ணியிருக்க மாட்டேன், டிக்கெட்டு, ஷெங்கன் விசா, அதுக்கு சென்னைக்கு அலைச்சல், பிஎச்டி ஸ்காலர்ஷிப் காசுல இதெல்லாம் ஆகுற காரியமா. ப்ரோக்ராம் வந்திருச்சு. குமிழித்தூம்பு, அதாவது குளத்துத் தண்ணிய வயலுக்குத் திறந்து விடுற பழைய கல் மதகு, அதப் பத்தி 15 நிமிஷம் பேச்சு, 5 நிமிஷம் கேள்வி, எனக்கு 27-ஆம் தேதி அவங்க மணிக்கு காலைல 10.20. இதுல ஒரு வில்லங்கம், ஐரோப்பால அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வெச்சிருவாங்களாம். இன்னிக்கு கணக்குக்கு நம்ம மதியம் 1.50, அன்னிக்கு வந்தா 2.50. நல்லவேளை மெயில்லயே சிவப்பு எழுத்துல போட்டிருந்தாங்க.

18 அக்டோபர், ஞாயிறு
குமிழித்தூம்ப பாத்தே இராதவங்களுக்கு 15 நிமிஷத்துல எப்படி சொல்றது? குளத்துக்குள்ள, கரையிலேர்ந்து கொஞ்சம் தள்ளி, ரெண்டு கல்தூண் நிக்கும், நடுவுல அடியில துளைய அடைச்சிட்டிருக்கிற கல்லு. ஆள் நீந்திப்போய் அந்தக் கல்ல தூக்கினா நீரோடித் துளை வழியா தண்ணி இறங்கி, கரைக்கு அடியில போற சுருங்கை வழியா வயலுக்குப் போயிரும். அதுக்குக் கீழ இருக்கிற சின்னத் துளைங்கதான் சேறோடி, வண்டல இழுத்துட்டுப் போறதுக்கு. தூம்ப யார் செஞ்சு குடுத்தாங்கன்னு அந்தத் தூண்லயே கல்வெட்டு இருக்கும், புதுக்கோட்டை பக்கம் இது நிறைய. என் பேப்பரே அந்தக் கல்வெட்டுங்களப் பத்திதான்.

உத்திரமேரூர் ஸ்லைடு வேணாம்னார் கைடு. நான் விடல. அங்க இருக்கிற பராந்தகச் சோழன் காலத்து 919, 921 கல்வெட்டுன்னாலே எல்லாரும் குடவோலைய மட்டும் பிடிச்சுக்கிட்டு தேர்தல் தேர்தல்னு பேசுறாங்க, அதே கல்வெட்டுல ஏரி வாரியம்னு தனியா ஒண்ணு இருக்கே, ஏரிய பாத்துக்கிறதுக்கு, அத யாரும் கண்டுக்கிறதில்ல. ஒரே ஸ்லைடுதான சார்னு சொல்லி வெச்சாச்சு.

25 அக்டோபர், ஞாயிறு
ஆயுத பூஜை. அம்மா லேப்டாப்ப தூக்கி புஸ்தகங்களோட பூஜையில வெச்சுட்டாங்க, மேல சந்தனம் குங்குமம் வேற. நாளைக்கு விஜயதசமி அன்னிக்குதான் எடுக்கணுமாம். "நாளான்னிக்கு பேசணும்மா, ஒரு தடவயாவது சொல்லிப் பாக்கணும்"னேன். "சரஸ்வதிகிட்டதானடி இருக்கு, அவ பாத்துக்குவா"ன்னு சுண்டல் கிண்ணத்த கையில குடுத்தாங்க. மொட்டை மாடில போன் ஸ்டாப்வாட்ச வெச்சு வாயாலயே பேசிப் பாத்தேன், 19 நிமிஷம் வருது. வெட்டணும்.

27 அக்டோபர், செவ்வாய்
முடிஞ்சது.

ஸ்க்ரீன் ஷேர் பண்ணினதும் எல்லா மூஞ்சியும் மறைஞ்சிடுது, அது யாரும் சொல்லித் தரல. கிளாஸ்ல பேசினா ரெண்டு பேர் கொட்டாவி விடுறதாவது தெரியும், இங்க நம்ம குரல் நமக்கே கேட்டுக்கிட்டு போகுது, சிரிக்கவேண்டிய இடத்துல நிறுத்தினா ஒரே நிசப்தம், எல்லாரும் மியூட். ஊர் வயலுக்கெல்லாம் தண்ணி திறந்து விடுற வேலை பாத்த பழைய நீர்பாய்ச்சி ஒரு தாத்தா, சின்ன வயசுல தூம்புக் கல்ல தூக்க முங்குனதப் பத்தி சொன்ன ரெக்கார்டிங் வெச்சிருந்தேன். ஷேர் பண்றப்ப கீழ இருக்கிற சவுண்டு டிக்க போட்டாத்தான் அது அடுத்தவங்களுக்கு கேக்கும். போட்டேன். "மூச்ச அடக்கிக்கிட்டு ஒரே முங்கு தாயி"ன்னு அவர் சொன்னதும் சாட்ல கடகடன்னு மெசேஜ் விழ ஆரம்பிச்சுது.

கேள்வி நேரத்துல மைக்ல வந்தது ஒண்ணே ஒண்ணு, அதுவும் கேள்வி இல்ல, ஒரு பெரியவர் தன் பழைய ஆராய்ச்சியப் பத்தி நாலு நிமிஷம் பேசினார் (இது ஜூம் வந்தாலும் மாறாது போல). நெசமான விஷயம் சாட்லதான். இலங்கை பேராதனைலேர்ந்து ஒரு அக்கா, அங்க குளங்கள்ல இருக்கிற பிசோகொட்டுவவும் உங்க குமிழியும் ஒரே வேலைதான் பண்ணுதான்னு கேட்டாங்க. பிசோகொட்டுவ கரைக்குள்ளயே கட்டின சதுரக் கிணறு மாதிரி, தண்ணியோட வேகத்த அங்க அடக்கி வெளிய விடும். நம்மது கரைய விட்டு விலகி தண்ணிக்குள்ள நிக்குது. எவ்வளவு விலகின்னு அடுத்த கேள்வி. அதுக்குள்ள டைம் முடிஞ்சிருச்சு. மீட்டிங்க மூடினா சாட் போயிடும்னு தெரியும், டக்குனு சேவ் பண்ணிட்டேன்.

அப்புறம் காபி பிரேக்னு சொல்லி நாலு நாலு பேரா தனி ரூம்ல போட்டாங்க. நாலு பேரும் கேமரா ஆஃப். அம்மா குடுத்த காபிய குடிச்சுட்டு வெளிய வந்துட்டேன்.

29 அக்டோபர், வியாழன்
அந்த அக்காவுக்கு மெயில் போட்டேன், ராத்திரியே பதில், கூடவே அவங்க எடுத்த போட்டோக்கள். பிசோகொட்டுவவப் பத்தி ஹென்றி பார்க்கர்ங்கிற இங்கிலீஷ் இன்ஜினியர் 1909-லயே எழுதியிருக்கார், அதுலேர்ந்து ஆரம்பிங்கன்னு சொல்றாங்க. சேர்ந்து ஒரு கட்டுரை எழுதலாமான்னும் கேட்டிருக்காங்க!

ஆனா கரைக்கும் தூம்புக்கும் நடுவுல இருக்கிற தூரத்த நம்ம பக்கம் கல்வெட்டுக்காரங்க யாரும் பெருசா அளக்கிறதில்ல, எழுத்த படி எடுத்தோமா வந்தோமான்னு இருப்போம். வடகிழக்குப் பருவமழை வேற ஆரம்பிச்சாச்சு, குளம் நெறஞ்சா அப்புறம் கோடை வரைக்கும் டேப்ப பிடிக்க முடியாது. தம்பிகிட்ட சொல்லிட்டேன், சனிக்கிழமை விடியக்காலம் வண்டிய எடுக்கணும்னு. பெட்ரோல் யார் போடுறதுன்னு இன்னும் சண்டை ஓடிட்டிருக்கு.